முனியசாமியின் ஏழு கிலோமீட்டர் ஆறு

வெள்ளிக்கிழமை மதியம் எங்கள் கடைக்கு வந்து மண்வெட்டி கழுவத் தண்ணீர் கேட்பவர் ஒருவர்தான். பெயர் முனியசாமி. ராமநாதபுரம் மாவட்டத்தில், வைகை ஆறு தேய்ந்து மணலாகிப் போகும் பக்கத்து ஊர்க்காரர். அமீரகத்தில், புஜைராவுக்குப் பின்னால் மலையடிவாரத்தில் ஒரு பேரீச்சந்தோட்டத்தில் பதினான்கு வருடமாக வேலை பார்க்கிறார். கடை என்று நான் சொல்வது என் வாப்பா செய்கு அலாவுதீன் நடத்தும் பக்காலாவை. சின்ன மளிகைக் கடை. எங்களுக்குச் சொந்த ஊர் கீழக்கரை. பள்ளிப் படிப்பு முடிந்து ஒரு வருடமாக நான் அந்தக் கடையில்தான் உட்கார்ந்திருக்கிறேன். அதனால் இந்தக் கதையில் பாதியை நேரில் பார்த்தேன். மீதியை அவரே சொன்னார்.

வாப்பா அவரைக் கேலி செய்யாமல் விடமாட்டார்.

"என்ன முனியசாமி, இன்னைக்கு எவ்வளவு வெட்டுன? ஆத்தையே பாய் மாதிரி சுருட்டி ஊருக்கு எடுத்துட்டுப் போயிருவ போலயே."

"சுருட்டுனா அடியில என்ன கிடக்குன்னாவது தெரியும்ல பாய்," என்பார் முனியசாமி மாமா. சிரிக்கமாட்டார். மண்வெட்டியைக் கழுவி, ஒரு மோர் பாட்டில் வாங்கிக் குடித்துவிட்டு, என்னிடம் திரும்பி, "பாப்பா, போன்ல பாரு, மழை உண்டான்னு," என்பார்.

அவர் தேடிக்கொண்டிருந்தது தம்பி பாலகுருவை. பாலகுரு இறந்து பதினோரு வருடம் ஆகிறது.

இங்கே ஆற்றை வாதி என்பார்கள். நம் ஊரில் ஆறு என்றால் என்றைக்காவது தண்ணீர் ஓடும் என்று ஒரு நம்பிக்கை உண்டு. வாதியில் அதுகூடக் கிடையாது. வருடத்தில் முந்நூற்று அறுபது நாளும் வெறும் கல். மலையில் மழை பெய்தால் மட்டும் சில மணி நேரம் தண்ணீர் வரும், போய்விடும்.

எங்கள் வாதிக்கு மலையில் மூன்று தலைகள். மூன்று ஓடைகளும் ஆளில்லாத ஒரு கல்வீட்டுக் கிராமத்துக்குக் கீழே ஒன்றாகச் சேர்கின்றன. பிறகு கல் உடைக்கும் கிரஷர் ஒன்று. அதையும் தாண்டினால் முனியசாமி மாமா வேலை பார்க்கும் தோட்டம். தோட்டத்து வாசலில் வண்டிகள் ஆற்றைக் குறுக்கே கடக்கும் ஒரு துறை இருக்கிறது. அந்தத் துறையிலிருந்து ஏழு கிலோமீட்டர் கீழே அணை. அணைக்கு அந்தப் பக்கம் நெடுஞ்சாலைப் பாலம், வீடுகள், பிறகு கடல்.

தோட்டத்து முதலாளி வயதான அரபி. அர்பாப் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். அவர் சின்ன வயதில் ஒரு மழைக்கு மூன்று மாதம் இந்த வாதியில் தண்ணீர் ஓடுமாம். பத்தடி தோண்டினால் இனிப்பான தண்ணீராம். பிறகு மோட்டார்கள் வந்தன, கிணறுகள் இறங்கின, தண்ணீர் உவர்த்தது. மழைத் தண்ணீர் கடலுக்குப் போய் வீணாகாமல் மண்ணுக்குள் இறங்கட்டும் என்று அணை கட்டினார்கள். அணை கட்டிய பிறகு இந்த ஆறு கடலைப் பார்த்தது இரண்டே தடவைதான். பாலகுருவை அடித்துக்கொண்டு போன வருடமோ அதற்குப் பிறகோ அது நடக்கவில்லை. அணை நிரம்பவில்லை, தண்ணீர் மேலே வழியவில்லை.

முனியசாமி மாமாவைப் பதினோரு வருடம் இங்கே பிடித்து வைத்திருந்தது இதுதான். தம்பி கடலுக்குப் போகவில்லை. துறைக்கும் அணைக்கும் நடுவில்தான் எங்கேயோ இருக்கிறான்.

அந்த நாளைப் பற்றி அவர் ஒரே ஒரு தடவைதான் என்னிடம் முழுதாகச் சொன்னார்.

அவருடைய ஊரில், வைகையில் பல வருடம் கழித்துத் தண்ணீர் வரும்போது அது ஓடி வராதாம், ஊர்ந்து வருமாம். முன்னால் சருகும் நுரையும் தள்ளிக்கொண்டு, மணல் குடித்தது போக மிச்சம் மெதுவாக நகர்ந்து வரும். ஊரே ஆற்றுக்குள் இறங்கி நிற்கும். சூடம் ஏற்றி, பூப்போட்டு, விழுந்து கும்பிட்டு, தண்ணீருக்கு முன்னால் பின்பக்கமாகவே நடந்து ஊருக்குள் அழைத்து வருவார்களாம். வரும் தண்ணீரை நின்று வரவேற்காவிட்டால் அது கோபித்துக்கொண்டு அடுத்த வருடம் வராது என்பார்கள்.

இங்கே வந்த முதல் மூன்று வருடமும் வாதியில் வந்தது விரற்கடைத் தண்ணீர். அப்படியே ஊர்ந்துதான் வந்தது. மூன்று தடவையும் அவர் துறையில் இறங்கிச் சூடம் ஏற்றிக் கும்பிட்டார். கூட வேலை பார்த்த பாகிஸ்தான்காரப் பட்டாணி சிரித்தார், அவ்வளவுதான்.

நான்காவது தடவை தம்பியும் இருந்தான். வந்து இருபத்தாறு நாள். கல்யாணம் ஆகி எட்டு மாதம். அண்ணன் இருக்கத் தம்பிக்கு முதலில் கல்யாணம் செய்து வைத்தவர் முனியசாமி மாமாதான். "எனக்கென்ன அவசரம்" என்றாராம். அன்றைக்குத் தோட்டத்துக்கு மேல் வானம் வெள்ளையாக இருந்தது. மேலே கிரஷரிலிருந்து பட்டாணிக்குப் போன் வந்தது. தண்ணீர் வருகிறது என்று. ஆற்றோரக் கிணற்றில் மோட்டார் இருந்தது. அதை மேட்டில் ஏற்ற இரண்டு பேர் வேண்டும்.

"பாலகுரு மோட்டாரைப் பிடிக்கத்தான் வந்தான், பாப்பா," என்றார் முனியசாமி மாமா. "நான்தான் சொன்னேன். டேய், இதை நானும் பட்டாணியும் பாத்துக்கிறோம், நீ சூடத்தை எடுத்துட்டு ஓடு, தண்ணி வந்துறப் போகுது, முதத் தண்ணியைக் கும்பிட்டுட்டு வான்னு. அவனுக்கு ஒரே சந்தோசம். செருப்பைக் கழட்டி வச்சுட்டு ஓடுனான்."

அன்றைக்குத் தண்ணீர் ஊர்ந்து வரவில்லை. ஆள் உயரத்துக்கு, பாறையை உருட்டிக்கொண்டு வந்தது.

போலீசும் மீட்புப் படையும் பல நாள் தேடினார்கள். ஹெலிகாப்டர்கூட வந்தது. ஒன்றும் கிடைக்கவில்லை. கரையில் கழற்றி வைத்த செருப்பு அப்படியே இருந்தது.

அதற்குப் பிறகு அவருடைய வெள்ளிக்கிழமைகள் எல்லாம் ஆற்றுக்குப் போயின. துறையிலிருந்து தொடங்கி, கல்லைப் புரட்டி, மணலை வெட்டி, கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே போனார். இந்த ஏழு கிலோமீட்டரில் அரபிக்காரர்களுக்கே பெயர் தெரியாத இடங்களுக்கெல்லாம் அவர் பெயர் வைத்திருந்தார். கேஸ் சிலிண்டர் கிடைத்த இடம் சிலிண்டர் மேடு. காரின் கதவு கிடைத்தது கதவு வளைவு. ஒட்டகத்தின் முழு எலும்புக்கூடு வந்தது ஒட்டகப் பள்ளம். அன்றைக்கு எலும்பைப் பார்த்து அவர் கத்திய கத்தலில் பட்டாணி ஓடி வந்தாராம். பக்கத்தில் வந்து பார்த்துவிட்டு, "உன் தம்பிக்குக் கழுத்து இவ்வளவு நீளமா?" என்று கேட்டாராம். அதைச் சொல்லும்போது முனியசாமி மாமாவே கொஞ்சம் சிரித்தார். ஒவ்வொரு வெள்ளத்துக்கும் ஆறு தன் தடத்தை மாற்றியது. வெட்டிய இடத்தை மூடி, மூடிய இடத்தைத் திறந்தது. அவர் மறுபடியும் முதலிலிருந்து வெட்டினார்.

அவருக்கு வேண்டியது ஒரே ஓர் எலும்பு. "ராமேஸ்வரத்துல கரைச்சு, காரியத்தை முடிச்சிருவேன். அந்தப் புள்ளைக்கு ஒரு வழி கிடைக்கும்," என்பார். அந்தப் பிள்ளை என்பது பாலகுருவின் மனைவி நாகவள்ளி. அவள் இன்னும் பொட்டு வைத்திருக்கிறாள், தாலி போட்டிருக்கிறாள். உடல் வராமல் எதையும் கழற்ற மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். அவளுடைய பெற்றோர் வேறு கல்யாணம் பேசியபோதும் அதையேதான் சொன்னாள். மாதம் தவறாமல் அமாவாசைக்குப் போன் செய்வாள். ஒரே கேள்விதான் கேட்பாள்.

"கிடைச்சுதா அத்தான்?"

"இல்லத்தா. பாக்குறேன்."

ஒரு தடவைதான் லீவில் ஊருக்குப் போனாராம். கதவைத் திறந்த நாகவள்ளி அவர் முகத்தைப் பார்க்கவில்லை, கையில் இருந்த பையைப் பார்த்தாள். பதினைந்து நாள் லீவு மீதம் இருக்கும்போதே திரும்பி வந்துவிட்டார். பாலகுரு எதற்காக ஆற்றில் இறங்கினான் என்பதை மட்டும் அவளிடம் சொல்லவே இல்லை. மோட்டாரைத் தூக்கப் போனான் என்றுதான் ஊரில் எல்லோருக்கும் சொல்லியிருந்தார்.

போன வருடம் ஐப்பசி மாதத்தில் அவர் ஏழு கிலோமீட்டரையும் முடித்துவிட்டார். மிச்சம் இருந்தது அணைக்கு உள்பக்கம் மட்டும். ஒவ்வொரு வெள்ளமும் கொண்டுவந்த வண்டல் அங்கே மூன்று ஆள் ஆழத்துக்கு இறுகிக் கிடந்தது. மண்வெட்டியால் கொத்தினால் செங்கல்லைக் கொத்துவது போல இருந்ததாம்.

"அங்கதான் இருக்கான் பாய்," என்றார் வாப்பாவிடம். "வேற எங்கயும் இல்லன்னு பாத்துட்டேன். மிஷின் விட்டு அள்ளுனாத்தான் உண்டு. பாப்பாவுக்கு அரபி எழுத வரும்ல? ஆபீஸுக்கு ஒரு மனு எழுதிக் குடுக்கச் சொல்லுங்க."

எனக்குப் பள்ளியில் அரபி நன்றாக வரும். உடனே உட்கார்ந்து எழுதத் தொடங்கினேன். 'என் தம்பியின் உடல் அணைக்குள் இருக்கிறது என்று நம்புகிறேன்' என்பதுதான் நான் எழுதிய முதல் வரி. வாப்பா எட்டிப் பார்த்து, என்ன எழுதியிருக்கிறேன் என்று கேட்டார். சொன்னேன்.

"அடிச்சிரு," என்றார். "மய்யத்தைப் பத்தி எழுதாத ஹானி. எழுதுனா போலீஸ் வரும், கேஸ் வரும். இத்தனை வருஷமா அரசாங்க இடத்துல எதுக்குத் தோண்டுனன்னு இவரைக் கேப்பாங்க. ஆபீஸுக்கு எழுதுனா நம்ம கஷ்டத்தை எழுதக் கூடாது. அவங்களுக்கு என்ன நன்மைன்னு எழுதணும். முப்பது வருஷமா நமக்குக் காரியம் ஆகுறது இப்படித்தான்."

அது வாப்பாவின் வழக்கம் மட்டும் இல்லை. இங்கே எல்லோரும் அப்படித்தான். தங்கை கல்யாணத்துக்கு லீவு வேண்டும் என்றால் அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை என்று எழுதுவார்கள். ரூமில் ஏசி ஓடவில்லை என்றால், தூக்கம் இல்லாமல் வேலை கெடுகிறது என்று எழுதுவார்கள். உண்மையான காரணத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, வேறு காரணத்தை நீட்டுவார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் முனியசாமி மாமாவே தலையாட்டினார்.

"பாய் சொல்றது சரிதான் பாப்பா. மண்ணை அள்ளுனாப் போதும். அள்ளும்போது நான் போய் நின்னுக்கிறேன்."

அடித்துவிட்டு எழுதினேன். அணைக்குள் வண்டல் நிறைந்துவிட்டது, தண்ணீர் நிற்க இடம் இல்லை, தூர் வாரினால் சுற்றியுள்ள தோட்டங்களின் கிணறுகளில் நீர் ஏறும், இப்படிக்கு முனியசாமி, விவசாயத் தொழிலாளி. நன்றாக எழுதியிருந்தேன். இப்போதும் அதில் ஒரு பிழைகூடச் சொல்ல முடியாது.

ஒரு மாதத்துக்குள் பதில் வந்தது. யோசனைக்கு நன்றி, இந்தப் பருவத்திலேயே வேலை தொடங்கும் என்று. முனியசாமி மாமா ஒரு பெட்டி பேரீச்சம்பழத்தோடு கடைக்கு வந்தார். "அடுத்த அமாவாசைக்கு அந்தப் புள்ளைக்கு ஒரு பதில் சொல்லிருவேன்," என்றார். நான் கடையில் உட்கார்ந்த பிறகு அன்றைக்கு மட்டும்தான் அவர் மழை உண்டா என்று கேட்காமல் போனார்.

வேலை எப்போது தொடங்கும் என்று கடிதத்தில் தேதி இல்லை. நாங்களும் கேட்கவில்லை. மூன்று வாரம் கழித்து, தண்ணீர் லாரி டிரைவர் ஒருவர் கடையில் சிகரெட் வாங்கும்போது, "டேம்ல என்னா தூசி, பத்து நாளா மண்ணு அள்ளுறானுங்க," என்றார். வாப்பா தராசை அப்படியே விட்டுவிட்டுப் போனை எடுத்தார்.

மறுநாள் காலையில் முனியசாமி மாமா அர்பாபிடம் சொல்லிவிட்டு அணைக்குப் போனார். வாப்பாவும் நானும் வண்டியில் பின்னாலேயே போனோம். அணைக்குள் பாதிக்கு மேல் வழித்து எடுத்திருந்தார்கள். ஆறு பொக்லைன்கள், வரிசையாக லாரிகள். அவர் நேரே பள்ளத்துக்குள் இறங்கிவிட்டார்.

"யோவ்! ஹெல்மெட் இல்லாம யாருய்யா அங்க நிக்கிறது? மேல வா!" என்று ஒரு குரல். ரகுநாதன் என்று மேற்பார்வைக்காரர். தமிழ் கேட்டதும் முனியசாமி மாமாவின் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன்.

"சார், நம்ம ஊரா?"

"நம்ம ஊரா இருந்தா பக்கெட்டுக்கு அடியில நிக்கலாமா? மேல வாங்க மொதல்ல."

மேலே வந்து எல்லாவற்றையும் சொன்னார். ரகுநாதன் ஹெல்மெட்டைக் கழற்றி நெற்றியைத் துடைத்தார்.

"ஒரு நாளைக்கு நூத்தி இருபது லோடு போகுது அண்ணே. சல்லடை போட்டு அரிக்கணும்னா ஒரு லோடுக்கே ஒரு நாள் வேணும். எந்த லோடுல பாக்குறது?"

"எங்க சார் கொண்டு போய்க் கொட்டுறீங்க?"

"ஹார்பர் பக்கம் கண்டெய்னர் அடுக்குற ஒரு யார்டுக்கு மேடு போடுறாங்க. கொட்டுன கையோட ரோலர் விட்டு மிதிச்சிருவான்." லாரிகளைப் பார்த்துவிட்டு, "நீங்க முன்னாடியே எங்கயாவது சொல்லியிருந்தா போலீஸைக் கூட்டிட்டு வந்து பாத்துப் பாத்து அள்ளியிருப்பாங்க. யாரோ ஒரு தோட்டக்காரர் தண்ணி தேங்கணும்னு மனுப் போட்டாராம், அதுக்குத்தான் இத்தனை அவசரமா நடக்குது."

"நான்தான் சார் அது," என்றார் முனியசாமி மாமா.

ரகுநாதன் ஹெல்மெட்டை மறுபடி போட்டுக்கொண்டார். பிறகு உள்ளே போய் இன்னொரு ஹெல்மெட் எடுத்து வந்து அவர் தலையில் வைத்தார். அன்றைக்கும் மறுநாளும் கரையோரம் நிற்க விட்டார். ஒரு பொக்லைன் டிரைவர் இரக்கப்பட்டு, லாரியில் போடுவதற்கு முன்னால் சில பக்கெட்டுகளைத் தரையில் விரித்துக் காட்டினார். ஆட்டின் தாடை, ஒரு கார் கண்ணாடி, பிளாஸ்டிக் கயிறு. மூன்றாம் நாள் பாதுகாப்பு அதிகாரி வந்து, வெளியாள் நிற்கக் கூடாது என்று அனுப்பிவிட்டார்.

நான் இரண்டாவது கடிதம் எழுதினேன். இந்த முறை வாப்பாவிடம் காட்டவில்லை. முன்பு அடித்த வரியைத்தான் முதலில் எழுதினேன். ஐந்தாவது நாள் ஒரு போலீஸ் அதிகாரி கடைக்கே வந்தார். வயதில் இளையவர், மரியாதையாகப் பேசினார். பழைய கோப்பை எடுத்துப் பார்த்திருந்தார், பாலகுருவின் பெயர் அவருக்குத் தெரிந்திருந்தது. இரண்டு கடிதங்களையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு என்னைக் கேட்டார்.

"முதல் கடிதத்தில் இதை ஏன் எழுதவில்லை?"

எனக்கு அரபியில் எத்தனையோ சொற்கள் தெரியும். நான் வாப்பாவைத் திரும்பிப் பார்த்தேன். வாப்பா கல்லாவுக்குப் பின்னால் தலையைக் குனிந்து நின்றார்.

அதிகாரி எங்களை அந்த யார்டுக்கு அழைத்துப் போனார். அணையில் வேலை முந்தின நாளே முடிந்திருந்தது. யார்டில் கடல் தெரிந்தது. தரை மைதானம் போல மட்டமாக இருந்தது. ஒரு மூலையில் ரோலர் போய்க்கொண்டிருந்தது. எந்த நாள் லோடு எந்தப் பக்கம் கொட்டியது என்று யாருக்கும் தெரியவில்லை. முனியசாமி மாமா குனிந்து விரலால் தரையைத் தொட்டார். நகம்கூட இறங்கவில்லை.

"இது நம்ம மண்ணுதான். கதவு வளைவுச் செம்மண்ணு," என்றார்.

அதிகாரி அவர் தோளில் கை வைத்து அரபியில் ஏதோ சொன்னார். "கடவுள் உங்க தம்பிக்கு இரங்கட்டும்னு சொல்றாங்க மாமா," என்றேன். அவர் அதிகாரியைப் பார்த்துக் கும்பிட்டார்.

அடுத்த அமாவாசைக்கு அவர் எங்கள் கடையில் இருந்தார். மோட்டார் சத்தத்தில் காது மந்தமாகிப் போனவர், போனை ஸ்பீக்கரில் வைத்துத்தான் பேசுவார். நாகவள்ளியின் குரலை அன்றைக்குத்தான் நான் கேட்டேன்.

"கிடைச்சுதா அத்தான்?"

"இல்லத்தா. இனிமே கிடைக்காது. எல்லாத்தையும் அள்ளிக் கொண்டுபோய் மூடிட்டாங்க. நான் எழுதச் சொல்லித்தான் அள்ளுனாங்க." போனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "இன்னொண்ணு சொல்லணும். அவன் மோட்டாரைத் தூக்கப் போகலத்தா. நான்தான் சூடம் ஏத்தச் சொல்லி ஆத்துக்குள்ள அனுப்புனேன்."

"தெரியும்," என்றாள் நாகவள்ளி.

"என்னத்தா?"

"அவுக போன் பேசிக்கிட்டேதான் போனாக. அண்ணன் சாமி கும்பிடச் சொல்லுச்சு, தண்ணி வருது, சத்தத்தைக் கேளுன்னு போனை நீட்டுனாக. கேட்டேன்." பிறகு, "கிடைச்சுதான்னு கேக்கவா மாசாமாசம் போன் பண்ணேன்? நீங்களா ஒருநா சொல்லுவீகன்னுதான் பண்ணேன். பதினோரு வருசம் ஆச்சு உங்களுக்கு."

"தாலிய..." என்று ஆரம்பித்தார்.

"அது என் பாடு. இனிமே நான் பண்ண மாட்டேன் அத்தான். உடம்பைப் பாத்துக்குங்க."

போன் அணைந்தது. வாப்பா ஒரு மோர் பாட்டிலைத் திறந்து அவர் முன்னால் வைத்தார். அவர் அதைத் தொடவில்லை. அடுத்த அமாவாசைக்கும் வந்து உட்கார்ந்தார். போன் மேசைமேல் இருந்தது. அது அடிக்கவில்லை.

தை மாதம் மலையில் மழை பெய்தது. அர்பாபுக்குக் கொடுக்க வேண்டிய சாமான்களோடு வாப்பாவும் நானும் தோட்டத்துக்குப் போயிருந்தோம். தண்ணீர் வருகிறது என்று பட்டாணி கத்தினார். நாங்கள் மேட்டிலிருந்து பார்த்தோம். இந்தத் தடவை அது ஊர்ந்துதான் வந்தது. முன்னால் சருகும் நுரையும் தள்ளிக்கொண்டு, கல்லுக்குக் கல் நின்று நின்று, துறையைக் கடந்து கீழே போனது. அணையில் இப்போது அதற்கு நிறைய இடம் இருக்கிறது. கிணறுகளில் நீர் ஏறும். நான் எழுதியதெல்லாம் உண்மை ஆகத்தான் போகிறது.

முனியசாமி மாமா துறைப்பக்கம் திரும்பவே இல்லை. ஆற்றோரக் கிணற்றுக்குப் போய் மோட்டாரைக் கழற்றிக்கொண்டிருந்தார். ஒரு பக்கத்தைப் பிடித்துத் தூக்கினார். எழும்பவில்லை. "இரு, வர்றேன்," என்று பட்டாணி இந்தியில் கத்தினார். அவர் கேட்டதாகத் தெரியவில்லை. மறுபடியும் குனிந்து தனியாகத் தூக்கிக்கொண்டிருந்தார்.